உங்கள் சென்செய்க்கு சென்செய் யார்?

என் இடது கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியும் இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. நாலு தையல் போட்ட இடம். இப்போது வெளுத்துவிட்டது, வெளிச்சத்தில் கையைத் திருப்பினால்தான் தெரியும். நான் இப்போது ஜப்பானிய வாள்கலை கற்கும் டோஜோவுக்கு (பயிற்சிக்கூடத்தை அப்படித்தான் சொல்வார்கள்) முதல் நாள் போனபோது, அங்கிருந்த சென்செய், அதாவது ஆசிரியர், கை குலுக்கிய கையோடு என் இடது கையைத்தான் பார்த்தார்.

"வாளை உறையில் போடும்போது ஆனதா?"

"ஆமாம்."

"கற்க ஆரம்பித்து எத்தனை நாளில்?"

"இரண்டாவது மாதம்."

கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. எனக்கு அந்த வாளைக் கொடுத்தவர் யார் என்று கேட்டார், சொன்னேன். அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொல்லவில்லை. "இங்கே முதல் ஆறு மாதம் மரவாள்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை எங்கே கழற்றி வைக்க வேண்டும் என்று காட்டினார்.

இதை எழுதக் காரணம், பயிற்சி உடையில் நான் இருக்கும் படம் ஒன்றைப் போட்டதிலிருந்து வந்துகொண்டிருக்கும் கடிதங்கள். டப்ளினிலிருந்து ஒருவர், மெல்பர்னிலிருந்து ஒருவர், இங்கேயே பக்கத்து ஊரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஜப்பானிய வாள் கற்க ஆசை, சின்ன வயதில் கராத்தே வகுப்புக்குப் போனதைத் தவிர வேறு அனுபவம் இல்லை, எங்கள் ஊரில் நல்ல இடம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொருவருக்கும் நாலு வரி பதில் போட்டேன். போட்டுவிட்டு மனசு கேட்கவில்லை. இது நாலு வரி விஷயமில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தின் லீட்ஸில். ஆற்றங்கரையில் ராயல் ஆர்மரீஸ் என்றொரு அருங்காட்சியகம் உண்டு, 1996ல் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் மழை நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஜப்பானை அப்போது ஆண்ட ஷோகுன் (படைத்தலைவர்) தொகுகவா ஹிதெதாதா 1613ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்காக ஜான் சாரிஸ் என்ற கப்பல் தலைவரிடம் போர்க்கவசங்கள் கொடுத்தனுப்பிய கதையை நான் தெரிந்துகொண்டது அங்கே போகப் போகத்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கவசமில்லை, வாள். ஜப்பானிய வாளை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வெட்டும் வாய்ப்பக்கம் நெடுக, பாலில் பனி படர்ந்ததுபோல ஓர் அலைக்கோடு ஓடும். ஹமோன் என்று பெயர். கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் வாயில் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். மண் மெலிந்த இடம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு இளக்கமாகவே நின்றுவிடுகிறது. அந்த இரண்டு குணமும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் மூன்று முறை கையை இழுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

அடுத்த வாரமே வகுப்பு தேட ஆரம்பித்தேன். தேடியதும் முதலில் வந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஊருக்கு வெளியே, டயர் கடைக்கும் மரச்சாமான் கிடங்குக்கும் நடுவில் ஒரு கொட்டகை. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் பெரிய சிவப்பு முத்திரை. ஆசிரியருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஐந்து கலைகளில் ஒன்பதாம் டான், பத்தாம் டான் என்றார். டான் என்பது தேர்வு வைத்துத் தரும் தகுதிப்படி. தன்னை 'சோக்கே' என்று கூப்பிடச் சொன்னார். ஒரு பள்ளியின் பரம்பரைத் தலைவருக்கு உரிய சொல் அது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரே குடும்பத்துக்குள் ரகசியமாக வந்த வாள்முறை இது, தன் ஆசிரியர் கண்மூடும் முன் தன்னிடம் ஒப்படைத்தார் என்றார். அந்த ஆசிரியரின் பெயரைக் கேட்டேன். வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு அப்போது அது குருபக்தியாகவே பட்டது.

மாதம் 65 பவுண்டு, ஒரு வருட ஒப்பந்தம், ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக் கட்டணம். இரண்டாம் மாதமே கூர் தீட்டிய வாளை அவரிடமே விலைக்கு வாங்கச் சொன்னார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாக வைத்து வெட்டினோம். வெட்டியதும் வாளைச் சுழற்றி, உறையைப் பார்க்காமல், டக்கென்று உள்ளே போட வேண்டும். வேகம்தான் அழகு என்பார். ஒரு வியாழக்கிழமை மாலை வாள்முனை உறையின் வாயைத் தப்பி என் கைச்சவ்வில் இறங்கியது. வலி முதலில் தெரியவே இல்லை. சட்டைக் கை நனைந்ததுதான் தெரிந்தது. அவசரப் பிரிவில் நாலு மணி நேரம் காத்திருந்தபோது ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அம்மா, நிஜ வாளை எதுக்கு உங்ககிட்ட குடுத்தாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கை ஆறுவதற்கு ஆன ஐந்து வாரமும் நான் படித்தது, பலருக்கு எழுதிக் கேட்டது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான்.

அந்த மனிதரை மோசக்காரர் என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. அவரும் யாரோ ஒருவரிடம் இப்படித்தான் கற்றிருப்பார், அந்த ஒருவர் இன்னொருவரிடம். உண்மையான கலைக்கு ஒரு கொடிவழி இருப்பதுபோல இதற்கும் ஒன்று உண்டு. அதனால்தான் ஆளைப் பார்த்து, அவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவுகட்டி இந்த விஷயத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு மேலே யார் இருக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் இது புரியும். ஜப்பானில் ஷோகுன்களின் ஆட்சி போய்ப் பேரரசர் ஆட்சி திரும்பிய மெய்ஜி மாற்றம் வந்தது 1868ல். அதற்கு முன் தோன்றி இன்றுவரை கைமாறி வந்திருக்கும் பள்ளிகளைக் கோரியூ என்கிறார்கள், 'பழைய ஓடை' என்று வைத்துக்கொள்ளலாம். 1876ல் பொது இடத்தில் வாள் அணிவதையே அரசு தடை செய்தது. சாமுராய்களுக்கு வேலை போயிற்று, வாள் ஆசிரியர்களுக்கு மாணவர்கள் போயினர். அதற்குச் சில வருடம் முன்பே, 1873ல், சக்காகிபாரா கென்கிச்சி என்ற பெரிய வாள்வீரர் டிக்கெட் போட்டு, பொதுமக்கள் முன் வாள்போட்டிகள் நடத்தினார். சக வாள்வீரர்களின் வயிற்றுப்பாட்டுக்கு அவர் கண்ட வழி அது. எத்தனையோ பள்ளிகள் அந்தத் தலைமுறையோடு அழிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் நவீன வாள்பயிற்சியான கெண்டோவுக்கும் தடை வந்தது. 1952ல் அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு உருவான பிறகுதான் மூச்சு திரும்பியது.

இவ்வளவையும் தாண்டி உயிரோடு இருக்கும் ஒரு பள்ளி என்றால், அது ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் வருமானமில்லாமல், பார்வையாளர் இல்லாமல், ஊர்க்கோடியில் ஒரு கொட்டகையில் காப்பாற்றிக் கொடுத்தது. அப்படிக் காப்பாற்றியவர்களின் பெயர்கள் ஒளித்துவைக்கப்படுவதில்லை. முதலில் சொல்லப்படுவதே அந்தப் பெயர்கள்தான். சிபா மாகாணத்தில் கத்தோரி கோயிலை ஒட்டி 15ஆம் நூற்றாண்டில் ஈஸாசா சோஇசாய் இயெனாவோ தொடங்கியதாக வழங்கும் தென்ஷின் ஷோதென் கத்தோரி ஷிந்தோ ரியூவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சேருகிறவர்கள் விரலைக் குத்தி இரத்தத்தால் உறுதிமொழியில் அடையாளம் இட வேண்டும். கெப்பான் என்று பெயர். உத்திகளை வெளியாருக்குக் காட்ட மாட்டேன் என்பது அந்த உறுதிமொழியில் ஒன்று. அவ்வளவு கட்டுப்பாடு உள்ள பள்ளியிலும் யார் யாரிடம் கற்றார் என்பது ரகசியமில்லை. 1960ல் சிபா மாகாண அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அங்கே நெடுங்காலம் கற்பித்த ஒத்தாகே ரிசுகே 2021ல் மறையும்வரை உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் போய் அவரிடம் கற்றார்கள். அங்கே முதன்முதலில் இரத்த உறுதிமொழி கொடுத்த வெளிநாட்டவராகச் சொல்லப்படுபவர் டான் டிரேகர் என்ற அமெரிக்கர், முன்னாள் மரீன் படைவீரர். அந்தக் கதவு வெளிநாட்டவருக்குத் திறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. உத்தி ரகசியம், ஆசிரியர் பெயர் பகிரங்கம். நான் முதலில் போன கொட்டகையில் இது அப்படியே தலைகீழாக இருந்தது: வாள்வீச்சைக் காசு கொடுத்த யாருக்கும் காட்டுவார், ஆசிரியர் பெயரைத்தான் சொல்ல மாட்டார்.

எனவே போனதும் கேட்க வேண்டியது இதைத்தான்: நீங்கள் யாரிடம் கற்றீர்கள்? கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: இப்போது யாரிடம் கற்கிறீர்கள், கடைசியாக அவரைப் பார்த்தது எப்போது? மரியாதையாகக் கேட்டால் நல்ல ஆசிரியர் எவரும் கோபித்துக்கொள்வதில்லை, முகம் மலரும். என் ஆசிரியர் தொலைபேசியை எடுத்துப் படங்களே காட்டினார்.

ஆனால் எல்லாரும் கோரியூவைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அது கிடைக்கவும் கிடைக்காது. பல பழைய பள்ளிகள் ஜப்பானில் ஏதோ ஓர் ஊரில், ஒரே ஒரு டோஜோவில்தான் இருக்கின்றன. வெளிநாட்டில் புதிதாக வரும் ஒருவருக்கு நேர்மையான நுழைவாயில் பெரும்பாலும் இயாய்டோ அல்லது கெண்டோ. கெண்டோ மூங்கில் வாளும் கவசமுமாக இருவர் மோதுவது. இயாய்டோ தனியாகச் செய்வது: உட்கார்ந்த நிலையிலிருந்தோ நின்றபடியோ வாளை உருவும் கணத்திலேயே வெட்டி, கண்ணுக்குத் தெரியாத எதிராளியை முடித்து, இரத்தத்தை உதறும் பாவனை செய்து, திரும்ப உறையில் இடுவது. 16ஆம் நூற்றாண்டின் ஹயாஷிசாகி ஜின்சுகே ஷிகெனொபுவை இந்தக் கலையின் மூதாதை என்று கொண்டாடுகிறார்கள். கெண்டோ கூட்டமைப்பு பல பழைய பள்ளிகளிலிருந்து எடுத்துத் தொகுத்த 12 கட்டாக்களை உலகம் முழுதும் ஒரே மாதிரி கற்பிக்கிறார்கள். கராத்தே படித்தவர்களுக்குக் கட்டா என்றால் தெரியும்: வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர். இந்த டோஜோக்கள் பலவற்றில் அந்தப் பன்னிரண்டோடு, முசோ ஷிந்தென் ரியூ அல்லது முசோ ஜிகிதென் எய்ஷின் ரியூ என்ற பழைய பள்ளிகளில் ஒன்றையும் சேர்த்துக் கற்பிப்பார்கள். ஆக, கூட்டமைப்பின் வாசல் வழியாகப் போனாலும் உள்ளே பழைய ஓடையின் தண்ணீர் இருக்கிறது.

கூட்டமைப்பு வழியில் ஒரு பெரிய வசதி, சரிபார்க்க முடியும். சர்வதேச கெண்டோ கூட்டமைப்பு 1970லிருந்து இருக்கிறது. நாட்டுக்கு நாடு அதன் உறுப்பான சங்கம் உண்டு. இங்கே பிரிட்டிஷ் கெண்டோ சங்கம் கெண்டோ, இயாய்டோ, ஜோடோ (தடிக் கலை) மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சங்கத்தின் டோஜோப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. டான் கணக்கும் உதவும். முதல் டானிலிருந்து இரண்டுக்கு ஒரு வருடம், அங்கிருந்து மூன்றுக்கு இரண்டு வருடம், நான்குக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு, ஆறுக்கு ஐந்து, ஏழுக்கு ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள்: முதல் டான் வாங்கிய நாளிலிருந்து ஏழாம் டானுக்குக் குறைந்தது 21 வருடம். அதன் பின் பத்து வருடம் கழித்து, 46 வயதும் ஆகியிருந்தால், எட்டாம் டான் தேர்வு எழுதலாம்; பெரும்பாலோர் திரும்பத் திரும்பத் தோற்கும் தேர்வு அது. ஒன்பதும் பத்தும் கொடுப்பதையே அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 2000ல் நிறுத்திவிட்டது. வேறு கூட்டமைப்புகளில் வேறு கணக்கு உண்டு என்றாலும், நாற்பது வயதுக்குள் ஐந்து கலைகளில் பத்தாம் டான் என்பதை எந்தக் கணக்கில் போட்டாலும் வராது. எனக்கு இந்தக் கூட்டல் தெரிந்திருந்தால் கையில் தையல் விழுந்திருக்காது.

கோரியூவில் பெரும்பாலும் டான் கிடையாது. மொகுரோகு, மென்க்யோ, மென்க்யோ கைதென் என்று சான்றுச் சுருள்கள் தருவார்கள், பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும். ஒருவர் ஒரு பழைய பள்ளியின் பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் உண்மையில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். நிஹோன் கொபுதோ கியோகாய் என்ற சங்கத்தில் 70க்கும் மேற்பட்ட பள்ளிகள் உறுப்பினர். ஒவ்வோர் ஆண்டும் டோக்கியோவின் நிப்பொன் புதோகானில் செய்துகாட்டுகிறார்கள். ஒரு பள்ளி அந்தப் பட்டியலில் இல்லாததாலேயே போலி ஆகிவிடாது, சங்கம் எதிலும் சேராமல் தன்பாட்டில் இருக்கும் பள்ளிகளும் உண்டு. பெயர் பட்டியலில் இருப்பதாலேயே உங்கள் ஊர் ஆசிரியர் அதைக் கற்றவர் என்றும் ஆகிவிடாது. இதுதான் பலரும் சறுக்கும் இடம். பள்ளி உண்மை, ஆள் உண்மையில்லை என்பது நடக்கும். தலைமை டோஜோவுக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்: இன்ன ஊரில் இன்னார் உங்கள் அனுமதியோடு கற்பிக்கிறாரா? நான் ஓர் இடத்தைப் பற்றி அப்படி எழுதினேன். மூன்று வாரம் கழித்து, எளிய ஆங்கிலத்தில் நாலே வரியில் பதில் வந்தது: அவர் எங்கள் மாணவர், தொடக்கநிலையினருக்குக் கற்பிக்க அனுமதி உண்டு, எங்களைக் கேட்டதற்கு நன்றி. அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் ஜப்பானியராக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். முகமும் பெயரும் எதற்கும் சான்றில்லை. என் ஆசிரியர் யார்க்ஷயரில் பிறந்து வளர்ந்தவர், தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கிறார். ஆறாம் டான். 28 வருடமாக வாள் பிடிக்கிறார். ஒவ்வொரு வருடமும் விடுமுறை முழுவதையும் சேமித்து ஜப்பான் போய்த் தன் ஆசிரியரிடம் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறார்.

அவருடைய டோஜோ எங்கள் ஊரில் இல்லை. ரயிலில் ஒரு மணி நேரம், அப்புறம் பதினைந்து நிமிடம் நடை. வாடகைக்கு எடுத்த விளையாட்டுக்கூடம், தரையில் பாட்மின்டன் கோடுகள். சுவரில் ஒரு சான்றிதழும் இல்லை, ஏனென்றால் சுவர் நகராட்சியுடையது. மாதம் 30 பவுண்டு, அது கூடத்தின் வாடகைக்கே சரியாகப் போகிறது. சங்கச் சந்தாவும் காப்பீடும் வருடத்துக்கு ஒருமுறை தனி. முதல் நாள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மூலையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்க்கச் சொன்னார். நீங்களும் எங்கே போனாலும் முதலில் உட்கார்ந்து பாருங்கள். மூத்த மாணவர்களைப் பாருங்கள், அவர்களிடம் அவசரம் இருக்கிறதா, புதியவரின் பக்கத்தில் வாள் வீசும்போது இடம் விடுகிறார்களா என்று பாருங்கள். ஆசிரியர் 'தெரியாது' என்ற சொல்லைச் சொல்கிறாரா என்று கேளுங்கள். அன்று ஒருவர் ஏதோ பழைய கட்டாவைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எனக்கு இன்னும் கொடுக்கப்படவில்லை" என்றார் அவர். எனக்குத் தெரியாது என்றுகூட இல்லை, கொடுக்கப்படவில்லை. அங்கேயே முடிவுசெய்துவிட்டேன்.

பிறகு வந்த மாதங்களில் என்னை மிகவும் தொட்டது இருவர் சேர்ந்து செய்யும் கட்டா. 1912ல் வகுத்த கெண்டோ கட்டாவையும் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், மரவாளில். அதில் முதலில் தாக்குபவர் உச்சிதாச்சி, அதை எதிர்கொண்டு வெல்பவர் ஷிதாச்சி. உச்சிதாச்சி எப்போதும் மூத்தவர், எப்போதும் தோற்பவரும் அவரே. பழைய பள்ளிகள் பலவற்றிலும் இதே வழக்கம். மூத்தவர் உண்மையான வேகத்தில், உண்மையான தூரத்திலிருந்து வெட்ட வருகிறார். கற்கிறவர் சரியான கணத்தில் வென்றாக வேண்டும். நீங்கள் தாமதித்தால் மரவாள் உங்கள் நெற்றிக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் நிற்கும். எத்தனையோ ஆயிரம் தடவை தோற்றுத் தோற்றுத்தான் ஒருவர் இங்கே ஆசிரியர் ஆகிறார். எங்களிடம் தோற்கும்போது அவர் முகத்தில் இருக்கும் கவனத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

தனியாகச் செய்யும் பன்னிரண்டில் முதல் கட்டா 'மாயே'. முன்னால் என்று பொருள். முழங்காலை மடித்துக் குதிகால் மேல் உட்கார வேண்டும். சம்மணம் போட்டு வளர்ந்த எனக்கு அது பழகவே பல வாரமானது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கொலைநோக்கம் தெரிகிறது, அவர் கை வாளுக்குப் போகிறது. உருவியபடியே பக்கவாட்டில் நெற்றிப்பொட்டில் ஒரு வெட்டு, தலைக்கு மேல் தூக்கி நேராக ஒரு வெட்டு. அவ்வளவுதான் கட்டா. எட்டு மாதம் இதை மட்டும் செய்தேன். பெரும்பகுதி நேரம் போனது வெட்டுவதில் இல்லை, இடது கையில். உறையின் வாய்க்குக் கொய்குச்சி என்று பெயர், கார்ப் மீனின் வாய். இடது கை அதை மூடிப் பிடித்திருக்க வேண்டும். வாளைத் திரும்பப் போடும்போது வாளின் முதுகு இடது கைச்சவ்வின் மேல் வழுக்கிக்கொண்டே போகிறது. முனை வந்து வாயில் விழும் அந்தக் கணத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது, கையால் கேட்க வேண்டும் என்பார். என் தழும்புக்கு மேலேதான் தினமும் அந்த முதுகு வழுக்கிப் போகிறது. முதல் சில மாதம் அந்த இடம் வந்ததும் என் தோள் தானாக இறுகிவிடும். அவர் அவசரப்படுத்தவே இல்லை. "மெதுவாக. இன்னும் மெதுவாக. இதில் வேகத்துக்குப் பரிசு இல்லை."

வாள் வாங்குவதைப் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். அவசரமே வேண்டாம். முதலில் வெள்ளை ஓக் மரவாள். ஜப்பானில் செய்யப்படும் மரவாள்களில் மிகப் பெரும்பகுதி மியாசாகி மாகாணத்தின் மியாகொனோஜோ ஊரிலிருந்து வருகிறது. அப்புறம், ஆசிரியர் சொன்ன பிறகு, இயாய்தோ (இயாய்டோ கலையின் பெயர், இது வாளின் பெயர்): துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்த்த, கூர் இல்லாத பயிற்சி வாள். கூர் இல்லை என்றாலும் முனை குத்தும், மறந்துவிடாதீர்கள். நீளம் உயரத்தைப் பொறுத்தது, எனக்கு 2.4 ஷாகு, அதாவது ஏறக்குறைய 73 செ.மீ. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 ஏப்ரல் முதல் 50 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள வளைந்த வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை. மரபு முறையில் கையால் அடித்த வாள்களுக்கும், காப்பீட்டோடு நடக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் விலக்கு உண்டு. எனவே சங்கத்தில் உறுப்பினராகாமல் வாங்கக் கிளம்பினால் சட்டச் சிக்கல் வரலாம். பொது இடத்தில் கொண்டுபோகும்போது பூட்டிய பையில், உறுப்பினர் அட்டையோடு. உங்கள் நாட்டுச் சட்டத்தை உங்கள் டோஜோவில் கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத டோஜோவில் வாள் வாங்காதீர்கள்.

பக்கத்தில் டோஜோவே இல்லை என்கிறவர்களுக்கு: காணொளி பார்த்துத் தனியாகக் கற்காதீர்கள். உங்கள் முழங்கை விலகியிருப்பதைக் காணொளி பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரத் தொலைவில் நல்ல கெண்டோ டோஜோ இருந்தால் மாதம் இரண்டு முறை போங்கள். அங்கே இருப்பவர்களுக்கு இயாய்டோ ஆசிரியர்களைத் தெரிந்திருக்கும். வருடத்தில் ஒன்றிரண்டு முறை பயிற்சி முகாம்கள் நடக்கும், ஜப்பானிலிருந்து மூத்த ஆசிரியர்கள் வருவார்கள், பல முகாம்களில் தொடக்கநிலையினரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

சென்ற இலையுதிர்காலத்தில் அப்படி ஒரு முகாமுக்குப் போனேன். வந்திருந்தவர் எண்பதைத் தாண்டிய எட்டாம் டான் ஆசிரியர். ஆங்கிலம் சொற்பம். எண்பது பேர் வரிசையாக மாயே செய்துகொண்டிருந்தோம். அவர் வரிசைக்கு நடுவே மெல்ல நடந்து வந்து, எனக்கு இரண்டு பேர் தள்ளி, என் ஆசிரியருக்கு முன்னால் நின்றார். குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்தார். வாள் இடுப்பில் கூர்ப்பக்கம் மேலாக இருக்கும். உருவுமுன் கைப்பிடித் தகட்டைக் கட்டைவிரலால் லேசாக முன்னால் தள்ள வேண்டும். என் ஆசிரியரின் கட்டைவிரல் தகட்டின் நேர் உச்சியில், வாளின் கூரின் நேர்கோட்டில் இருந்தது. கிழவர் அந்த விரலைத் தன் விரலால் ஒரு நெல்மணி அளவு உட்பக்கமாக நகர்த்தினார். பிறகு தன் விரலை வாளின் கூர் வரும் வழியில் வைத்து, வெட்டுப்படுவதுபோல் வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். "அபுனாய்" என்றார். ஆபத்து.

28 வருடம் பழகிய மனிதர், தன் மாணவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, "ஹாய்" (ஜப்பானிய மொழியில் 'ஆகட்டும்') என்று தலை வணங்கினார். உட்கார்ந்தார். செய்தார். கிழவர் தலையசைக்கவில்லை. மறுபடியும் செய்தார். நாலாவது முறைதான் கிழவர் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கும் முன் என் ஆசிரியர் எங்களை வட்டமாக உட்காரச் சொன்னார். "கட்டைவிரலை நான் எப்போதோ நகர்த்தியிருக்கிறேன், எப்போது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் எல்லாருக்கும் அப்படியே கொடுத்திருக்கிறேன். மன்னிக்க வேண்டும். இன்று இதை மட்டும் பார்ப்போம்" என்றார். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். என் முறை வந்தது. என் கட்டைவிரலை எடுத்து அந்த ஒரு நெல்மணி அளவு நகர்த்தினார். நகர்ந்த விரலின் அடியில் தழும்பு இழுபட்டது. "இங்கே," என்றார். "இப்போது மெதுவாக உருவுங்கள்."